தோல் தைக்கும் பழைய வாக்கிங் ஃபுட் மெஷின்: ஹூக்கைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மதுரையில் தோல் பை, இடுப்பு பெல்ட், காளைகளின் கழுத்தில் கட்டும் சலங்கைப் பட்டை ஆகியவற்றைச் செய்து கொடுக்கும் சிறு பட்டறை என்னுடையது. வழக்கமாகத் தைப்பொங்கலன்று அவனியாபுரத்திலும், மாட்டுப் பொங்கலன்று பாலமேட்டிலும், அதற்கு மறுநாள் அலங்காநல்லூரிலும் வாடிவாசல் திறக்கும் என்பதால், கார்த்திகை பிறந்ததுமே பட்டை வேலை குவியத் தொடங்கிவிடும். சலங்கைப் பட்டை மணிகளின் எடையைத் தாங்க வேண்டும்; காளை கழுத்தை உதறும்போது வரும் வெட்டிழுப்பைத் தாங்க வேண்டும்; வியர்வையிலும் மழையிலும் நனைந்து காய்ந்தாலும் அதன் தையல் வாய் பிளக்கக் கூடாது. இதுவரை இவற்றைக் குத்தூசியும் மெழுகு நூலும் கொண்டு கையாலேயே தைத்து வந்தேன். கைத்தையலின் உறுதியில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பவர் எல்லோருக்கும் நாளுக்குள் கொடுக்க முடிவதில்லை. அதனால் பழைய தொழிற்சாலை மெஷின் ஒன்றை வாங்கி, பிரித்துத் துடைத்து, தடித்த தோலில் ஒழுங்காகத் தைக்கும் நிலைக்குக் கொண்டுவந்தேன். அந்த வேலையின் பதிவு இது. இதில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: தோலில் தையல் விட்டுப்போனால், ஹூக் டைமிங்கைக் கடைசியாகத் தொடுங்கள். ஹூக் என்பது ஊசித்தட்டுக்குக் கீழே சுற்றி, ஊசி கொண்டுவரும் மேல்நூலைப் பிடித்து, பாபினில் சுற்றிய அடிநூலோடு பின்னும் கொக்கி. அது ஊசியைச் சந்திக்கும் நேர ஒழுங்கே டைமிங்.

முதலில் மெஷினின் வகை. தையல்கடைகளில் இருக்கும் சாதாரண பவர் மெஷினில் கீழே இருக்கும் பல் மட்டுமே துணியை நகர்த்தும். மேலே பாதம் சும்மா அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டு அடுக்குத் தோலை அதில் கொடுத்தால் கீழ்த்தோல் முன்னே போகும், மேல்தோல் பாதத்தோடு உரசிப் பின்தங்கும். தோலுக்கு ஏற்றது, பல்லும் ஊசியும் உள்பாதமும் ஒன்றாகச் சேர்ந்து சரக்கை நகர்த்தும் வகை. உள்பாதமும் வெளிப்பாதமும் மாறி மாறி ஏறி இறங்குவதால் இதைப் பொதுவாக வாக்கிங் ஃபுட் மெஷின் என்கிறோம். ஜூக்கி டி.என்.யு.-1541, ஃபாஃப் 1245, டியூர்காப் அட்லர் 267 ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றில் ஹூக் படுத்தவாக்கில், செங்குத்தான அச்சில் சுற்றும். பாபினை மேலிருந்தே போட்டு எடுக்கலாம். நான் வாங்கியதும் இப்படிப்பட்ட ஒன்றுதான்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகள் கழித்துவிடும் மெஷின்கள் பழைய மெஷின் வியாபாரிகள் வழியாகத் தெற்கே வருகின்றன. வாங்கும்போது பெயின்ட் பளபளப்பை நான் பார்க்கவில்லை. ஊசிக்கம்பியின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும், இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தேன். முன்பின் அசைவு இந்த வகைக்கு இயல்பு, ஆனால் பக்கவாட்டில் தளர்ச்சி இருந்தால் எந்த டைமிங்கும் நிற்காது. கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, எந்த இடத்திலாவது இறுகுகிறதா என்று பார்த்தேன். ஹூக்கின் முனையை டார்ச் அடித்துப் பார்த்தேன். முனை மழுங்கியிருந்தால் ஹூக்கையே மாற்ற வேண்டும், அதன் விலையைச் சேர்த்துத்தான் பேரம் பேச வேண்டும். என்னுடையதில் முனை கூர்மையாகவே இருந்தது. ஓரத்தில் மட்டும் ஊசி பட்ட சிராய்ப்புகள் இருந்தன.

மெஷினோடு வந்த மோட்டார் மும்முனை மின்சாரத்துக்கான, ஓயாமல் ஒரே வேகத்தில் சுற்றும் கிளட்ச் மோட்டார். என் பட்டறையில் இருப்பது ஒருமுனை 230 வோல்ட் இணைப்பு. இணைப்பு இருந்திருந்தாலும் அதை வைத்திருக்க மாட்டேன். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரின் கப்பியும் மெஷினின் கப்பியும் ஒரே விட்டத்தில் இருந்தால், பெடலை முழுதாக மிதித்தவுடன் நொடிக்கு 24 தையல் விழும்; 5 மி.மீ. தையலில் கணக்கிட்டால் நொடிக்கு 12 செ.மீ. தோல் ஓடிவிடும். சலங்கைப் பட்டையின் வளைவான முனையை அந்த வேகத்தில் திருப்ப இயலாது. எனவே வேகத்தைக் குறைத்து வைக்கக்கூடிய 550 வாட் சர்வோ மோட்டார் ஒன்றைப் பொருத்தினேன். சர்வோவுக்கு மாற்றினால் மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த வேகத்தில் இந்த மோட்டார்களுக்கு இழுவிசை போதாமல், தடித்த தோலில் ஊசி இறங்கும் இடத்தில் திணறி நின்றுவிடும். கப்பியின் அளவுதான் இதற்கு மருந்து. மெஷின் கப்பியின் விட்டத்தில் பாதி அளவுள்ள சிறிய கப்பியை மோட்டாரில் போட்டால் வேகம் பாதியாகும், இழுவிசை இரட்டிப்பாகும். மோட்டாரை நிமிடத்துக்கு 300 சுற்றில் வைத்தால் 150 தையல், அதாவது நொடிக்கு இரண்டரைத் தையல்; கண்ணும் கையும் அதோடு சேர்ந்து போக முடிகிறது. கப்பி மாறியதால் பெல்ட்டின் நீளமும் மாறியது. பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. வரை அமுங்க வேண்டும். அதைவிட இறுக்கினால் தாங்கிகள் தேயும்.

நீண்டகாலம் ஓடாமல் நின்ற மெஷினில் எண்ணெய் பிசினாகக் காய்ந்திருக்கும். அதன்மேல் புதிய எண்ணெயை ஊற்றுவதால் பயனில்லை. தலையைச் சாய்த்து, பல்லுக்கடியிலும் ஹூக்கைச் சுற்றியும் அடைந்திருந்த நூல் துணுக்குகளையும் தோல் தூளையும் சிமிட்டாவால் எடுத்து, மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து உலரவிட்ட பிறகே மெஷின் எண்ணெயை ஒவ்வொரு துளையிலும் சொட்டுச் சொட்டாக விட்டேன். பிறகு நூல் கோக்காமல், பாதத்தைத் தூக்கி வைத்து, மெதுவாக ஓடவிட்டேன். எண்ணெய் கசிவது நிற்கும்வரை நல்ல தோலை அருகில் கொண்டுவரக் கூடாது. ஆவாரம்பட்டையோ கடுக்காயோ போன்ற தாவரச் சாற்றில் பதனிட்ட தோல் எண்ணெயை உடனே உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் கறையை எடுக்க வழியே இல்லை.

ஊசிக்கு வருகிறேன். என் மெஷினுக்கு உரிய ஊசி 135×17 என்ற வரிசை. அதே நீளத்தில், தோலை வெட்டி நுழையும் முனை கொண்டது 135×16. தையல்கடைப் பவர் மெஷின்களில் போடும் டி.பி.×5 ஊசி, அருகருகே வைத்தால் கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் குட்டையானது. மெஷின் என் கைக்கு வந்தபோது அதில் எந்த வரிசை என்று உறுதியாகத் தெரியாத ஒரு பழைய ஊசி இருந்தது. கண் இருக்கும் உயரம் மாறினால் ஹூக் நூலைப் பிடிக்கும் இடமே மாறிவிடும் என்பதால், எதையும் சோதிப்பதற்கு முன் சரியான வரிசையில் புதிய ஊசியைப் போட வேண்டும். ஊசியைக் கம்பியின் அடிவரை தள்ளி, கண்ணுக்கு மேலே ஒரு பக்கத்தில் இருக்கும் குடைவு ஹூக் இருக்கும் பக்கம் பார்க்கும்படி வைத்து இறுக்கினேன். என் மெஷினில் அது வலப்பக்கம், நூலை இடமிருந்து வலமாகக் கோக்க வேண்டும். ஊசி சற்றே திரும்பியிருந்தாலும் தோலில் தையல் விட்டுப்போகும்.

நூல், பிணைப்புப் பூச்சு கொண்ட நைலான். பட்டைக்கு 20-ஆம் டிக்கெட், பைக்கு 40-ஆம் டிக்கெட். எண் குறையக் குறைய நூல் தடிக்கும். 20-ஆம் டிக்கெட்டுக்கு 140 அளவு ஊசி, அதாவது 22-ஆம் எண். 40-ஆம் டிக்கெட்டுக்கு 110, அதாவது 18-ஆம் எண். இந்தப் பொருத்தத்தைச் சோதிக்க மெஷினே தேவையில்லை. ஒரு முழ நூலில் ஊசியைக் கோத்து, நூலை இரு கைகளிலும் விறைப்பாகச் சாய்த்துப் பிடித்தால் ஊசி தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் ஊசி சிறியது. தொடர்ந்து தைத்தால் நூல் பிசிறும். நூலின் முறுக்கும் முக்கியம். மெஷின் நூலுக்கு இடமுறுக்கு இருக்க வேண்டும். வலமுறுக்கு நூல் ஊசியருகே வந்ததும் பிரிந்துபோகும். கைத்தையலுக்கு வாங்கி வைத்திருந்த மெழுகு நூலை இதில் போட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கிடையே மெழுகு அடைந்துகொள்வது இன்னொரு காரணம்.

இவ்வளவும் செய்த பிறகு மெஷின் ரெக்சினிலும் மெல்லிய ஆட்டுத்தோலிலும் அழகாகத் தைத்தது. திண்டுக்கல்லில் பதனிட்ட எருமைத்தோலை இரண்டடுக்காக ஒட்டி, சுமார் 7 மி.மீ. கனத்தில் பட்டையைக் கொடுத்தவுடன் சிக்கல் தொடங்கியது. சில தையல் ஒழுங்காக விழும், அடுத்தது விழாது, மேல்நூல் நீளமாகக் கிடக்கும். கீழே திருப்பிப் பார்த்தால் பாபின் நூல் அந்த இடத்தில் முடிச்சில்லாமல் ஓடியிருக்கும். சலங்கைப் பட்டையில் இப்படி ஓர் இடம் இருந்தாலே போதும், தையல் அங்கிருந்து வாய்விடும்.

தையல் மெஷின் வேலையில் நல்ல கைப்பழக்கமுள்ள ஒரு மெக்கானிக் அண்ணனை அழைத்தேன். அவர் இரண்டு தையல் ஓட்டிப் பார்த்துவிட்டு, "டைமிங் போயிருக்கு தம்பி, ஹூக்கை லூஸ் பண்ணிச் சரி பண்ணிரலாம்" என்று ஸ்குரூடிரைவரை எடுத்தார். துணி மெஷினில் தையல் விட்டுப்போனால் பல நேரங்களில் அது சரியான முடிவுதான். "அண்ணே, ரெக்சின்ல ஒரு தையல்கூட விடலையே. டைமிங் போயிருந்தா அதுலயும் விட்டிருக்கணும்ல? முதல்ல கையால சுத்திப் பாத்துருவோம்" என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார்.

ஹூக்கை மூடியிருக்கும் தட்டை நகர்த்தி, டார்ச்சை அருகில் வைத்து, தோலைப் பாதத்துக்கடியில் கொடுத்து, கைச்சக்கரத்தை மெல்லச் சுற்றினோம். நல்ல தையலில் என்ன நடக்க வேண்டும் என்றால், ஊசி அடிமட்டத்தைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கும்போது, தோலின் உராய்வால் நூல் உடனே ஊசியோடு ஏற முடியாமல், குடைவின் பக்கம் சிறு வளையமாகப் புடைக்க வேண்டும். ஹூக்கின் முனை அந்த வளையத்துக்குள் புகுந்து நூலை எடுத்துச் செல்ல வேண்டும். எங்கள் கண்முன் நடந்தது வேறு. ஊசி ஏறத் தொடங்கியதும் தோலும் அதோடு சேர்ந்து ஏறியது. ஊசித்தட்டுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. தோல் ஊசியை அவ்வளவு இறுகப் பிடித்திருந்தது. தோலும் ஊசியும் நூலும் ஒன்றாகவே ஏறினால் நூல் தளர்வதற்கு வழியில்லை, வளையம் விழவில்லை, ஹூக்கின் முனை வெறுமனே ஊசியைக் கடந்து போனது. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு நுழைவதால் இப்பிடிப்பு இவ்வளவு வலுவாக இருப்பதில்லை. ஹூக் நேரத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. அது வந்தபோது பிடிப்பதற்கு வளையம்தான் இல்லை.

ஆகவே தேட வேண்டியது, தோலை ஏன் எதுவும் அமுக்கிப் பிடிக்கவில்லை என்பதைத்தான். ஊசி ஏறத் தொடங்கும் அந்தக் கணத்தில் தோலை அழுத்தியிருக்க வேண்டியது உள்பாதம். அதைக் கழற்றிப் பார்த்தபோது அதன் துளை மிக அகலமாக இருந்தது. ஊசிக்கு நெருக்கமாக அழுத்தாமல் தள்ளியே அழுத்தியது. பாதத்தின் அழுத்தத் திருகும் வெகுவாகத் தளர்த்தப்பட்டிருந்தது. முன்பு மெல்லிய சரக்கு தைத்தவர்களுக்கு அந்த அமைப்பு பொருந்தியிருக்கும். குறுகிய துளையும் வழுவழுப்பான அடியும் கொண்ட பாதங்களை வாங்கிப் போட்டு, அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றினேன். ஊசியையும் 135×16 வெட்டுமுனைக்கு மாற்றினேன். வெட்டுமுனை தோலைக் கீறிக்கொண்டு நுழைவதால் பிடிப்பு குறைகிறது. மறுபடி கையால் சுற்றியபோது தோல் அசையாமல் கிடந்தது, வளையம் தெளிவாகப் புடைத்தது. மோட்டாரில் ஓட்டியபோது பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு தையலும் விடவில்லை. ஹூக்கின் ஒரு திருகைக்கூட நாங்கள் தொடவில்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது பசை. தோல் அடுக்குகளை ஒட்டிய ரப்பர் பசை முழுதாக உலர்வதற்கு முன் தைத்தால், அது ஊசியில் படிந்து இதே கோளாறை உண்டாக்கும். ஊசியைத் துடைத்தால் சில தையல் நன்றாக விழுந்து பிறகு மீண்டும் விட்டால், காரணம் பசைதான். பட்டையை ஓர் இரவு காயவிடுவது போதும்.

அழுத்தத்தை ஏற்றியதற்கு ஒரு விலை உண்டு. தாவரப் பதனீட்டுத் தோலின் அடிப்பக்கத்தில் பல்லின் தடம் பதிகிறது. பல்லின் கூர்மையை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்துக் குறைத்தேன். ஊசியும் பாதமும் சேர்ந்து இழுக்கும் மெஷினில் பல்லுக்கு அவ்வளவு கூர்மை தேவையில்லை.

அடுத்தது நூல் பிசிறிய கோளாறு. மேல்நூல் சில அடி தைத்ததும் பஞ்சு பஞ்சாகி அறுந்தது. ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து, நூல் போகும் வழி முழுவதும், அதாவது வழிகாட்டிக் கம்பிகள், டென்ஷன் தட்டு, ஊசித்தட்டின் துளை, ஹூக்கின் ஓரம் என ஒவ்வோர் இடத்திலும் தடவினேன். இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே சிராய்ப்பு இருக்கிறது. ஊசித்தட்டின் துளையிலும் ஹூக்கின் ஓரத்திலும் மாட்டியது. 1000 எண் நீர் உப்புத்தாளையும் பிறகு 2000 எண்ணையும் மெல்லிய கயிறாகச் சுருட்டி, அந்த ஓரங்களை மட்டும் மெருகேற்றினேன். ஹூக்கின் முனையைத் தேய்த்து நீளத்தைக் குறைத்துவிட்டால் வளையத்தைப் பிடிக்கும் நேரமே மாறிவிடும். அதனால் முனையில் கைவைக்கவில்லை.

20-ஆம் டிக்கெட் நூல் போட்டபோது ஒவ்வொரு தையலுக்கும் 'டக்' என்ற ஒலி வந்தது, மேல்நூலும் திடீர் திடீரென்று இறுகியது. இந்த வகை ஹூக்கில் பாபின் கூடு சுற்றாமல் நிற்க, அதன் நாக்கு ஒரு தடுப்பில் சாய்ந்திருக்கும். நூல் அந்த இடத்தைக் கடக்கும்போது ஒரு சிறு விரல் போன்ற பாகம் கூட்டைச் சற்றே பின்னுக்கு இழுத்து வழிவிடும். மெல்லிய நூலுக்கு வைத்திருந்த இடைவெளியில் தடித்த நூல் நெரிந்து போனதால்தான் அந்த ஒலி. அந்தப் பாகத்தின் திருகைத் தளர்த்தி, நூல் தடையில்லாமல் நழுவும் அளவுக்கு இடைவெளியைக் கூட்டியதும் ஒலி நின்றது. டென்ஷனை இறுக்கியும் தளர்த்தியும் இதைத் தீர்க்க முடியாது.

இவ்வகை மெஷின்கள் பலவற்றில் பாதுகாப்புக் கிளட்ச் ஒன்று உண்டு. நூல் சிக்கி ஹூக் இறுகினால், ஹூக் உடையாமல் இருக்க அதன் தண்டு தானாகவே விலகிக்கொள்ளும். அப்போது ஊசி ஏறி இறங்கும், ஹூக் நின்ற இடத்திலேயே நிற்கும். இதைப் பார்த்தும் டைமிங் போய்விட்டது என்று திருகுகளைக் கழற்றுகிறார்கள். சிக்கிய நூலை எடுத்துவிட்டு, மெஷினின் படுகையில், அதாவது தோல் கிடக்கும் மேடையில் உள்ள பொத்தானை அழுத்தியபடி கைச்சக்கரத்தைச் சற்று விசையோடு பின்பக்கம் சுற்றினால் கிளட்ச் 'கிளிக்' என்று தன் இடத்தில் உட்காரும். டைமிங் பழையபடியே இருக்கும்.

உண்மையிலேயே டைமிங்கைச் சோதிக்க வேண்டிவந்தால், ஊசித்தட்டைக் கழற்றி, புதிய ஊசி போட்டுப் பார்க்க வேண்டும். ஊசி அடிமட்டத்திலிருந்து சுமார் 2.2 முதல் 2.5 மி.மீ. ஏறும்போது ஹூக்கின் முனை ஊசியின் நடுவுக்கு வர வேண்டும். கண்ணுக்குச் சற்று மேலே, குடைவுக்குள் அது இருக்க வேண்டும். இடைவெளி 0.05 முதல் 0.1 மி.மீ., அதாவது முனை ஊசியைத் தொடக் கூடாது, ஒரு மெல்லிய தாளின் கனத்துக்கு மேல் விலகியும் இருக்கக் கூடாது. மெஷினுக்கு மெஷின் இந்த அளவு மாறும் என்பதால் அதற்குரிய கையேட்டைப் பார்ப்பது நல்லது. என் மெஷினில் பார்த்தபோது எல்லாம் உரிய அளவிலேயே இருந்தன.

தையல் நீளத்தைப் பட்டைக்கு 5 மி.மீ., பைக்கு 4 மி.மீ. என வைத்திருக்கிறேன். வெட்டுமுனை ஊசியில் இதைவிட நெருக்கமாகத் தைத்தால், தபால்தலைத் தாளைப் போலத் தையல் வரிசையிலேயே தோல் கிழிந்து வந்துவிடும். மேல்நூலும் பாபின் நூலும் பின்னும் முடிச்சு தோலின் கனத்துக்கு நடுவில் அமிழும்படி, முதலில் பாபின் நூலை ஒரே சீராக இழுபடுமாறு வைத்து, பிறகு மேல் டென்ஷனை ஏற்றினேன். ஒவ்வொரு கனத்துக்கும் அதே தோலின் வெட்டுத் துண்டில் தைத்து, குறுக்கே வெட்டிப் பார்த்தே பட்டையைக் கொடுக்கிறேன்.

மீதமிருக்கும் ஒரு குறை, பின்னோக்கித் தைக்கும்போது ஊசி பழைய துளைகளிலேயே சரியாக இறங்காதது. முன்னோக்கும் பின்னோக்கும் நீளங்களைச் சமப்படுத்தும் திருகைத் திருப்பியதில் பெருமளவு சரியானது. நேர்த்தையலில் இப்போது தெரிவதில்லை. பட்டையின் வளைவு முனையில் மட்டும் பின்தையல் போடாமல், நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கைத்தையல் ஊசியால் கடைசி மூன்று துளைகளில் திருப்பிக் கோத்து, பின்பக்கம் கொண்டுவந்து, 2 மி.மீ. விட்டு நறுக்கி, லைட்டர் சூட்டில் உருக்கிச் சுத்தியின் பின்பக்கத்தால் அழுத்தி விடுகிறேன்.